நீதிமொழிகள் 16:26: "அவன் வாய் அதை அவனிடத்தில் வருந்திக் கேட்கும்". எபிரேயத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

நாசரேத்து வாசகன் எழுதியது:

மே தினத்தையொட்டி எங்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருவர் வந்து செய்தி கொடுத்தார். யார் என்பது இங்கே வேண்டாம். எடுத்துக்கொண்ட வசனம் நீதிமொழிகள் 16:26. "பிரயாசப்படுகிறவன் தனக்காகவே பிரயாசப்படுகிறான்; அவன் வாய் அதை அவனிடத்தில் வருந்திக் கேட்கும்."

இதை வாசித்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. பசிதான் வேலைக்காரனை வேலைக்கு இழுத்துவரும், அது தேவன் வைத்த ஏற்பாடு, கையில் காசு தாராளமாகப் புழங்கினால் மறுநாள் ஆள் வரமாட்டான், வேதமே அப்படித்தான் சொல்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நிறையப் பேர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நம் பழைய தமிழ்த் திருப்புதலில், அதாவது மொழிபெயர்ப்பில், 'பசி' என்ற சொல்லே இந்த வசனத்தில் இல்லை. ஆனால் இப்போது வருகிற ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் பசி என்றே போட்டிருக்கிறார்கள். 'தனக்காகவே' என்பது சிலவற்றில் 'அவனுக்காக' என்று மாறியிருக்கிறது. மூலத்தில் என்னதான் இருக்கிறது? எபிரேயம் தெரிந்தவர்கள் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டினால் உதவியாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் இதே வசனத்தை எடுத்துப் பேச எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.


அதிகாலைஜெபம் எழுதியது:

சகோதரரே, இதில் இவ்வளவு ஆராய என்ன இருக்கிறது? "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறாரே. அதுவும் இதுவும் ஒன்றுதான். சோம்பேறிக்குச் சொன்ன புத்தி.


யோத் எழுதியது:

தம்பி நாசரேத்து, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வசனம் எபிரேயத்தில் எட்டே சொல். நெஃபெஷ் ஆமேல் ஆம்லா லோ, கீ ஆகஃப் ஆலாவ் பீஹூ.

முதலில் இலக்கணம். 'ஆம்லா' என்பது 'உழைத்தாள், உழைக்கிறாள்' என்னும் பெண்பால் வினை. உழைக்கிறவனாகிய 'ஆமேல்' ஆண்பால். அப்படியானால் வினைக்கு எழுவாய் உழைக்கிறவன் அல்ல. முதலில் நிற்கும் 'நெஃபெஷ்' தான் பெண்பால் சொல், அதுதான் எழுவாய். ஆகவே முதல் பாதி 'உழைக்கிறவனுடைய நெஃபெஷ் அவனுக்காக உழைக்கிறது' என்றுதான் வரும். 'லோ' என்றால் அவனுக்கு, அவனுக்காக. நம் 1871 திருப்புதலும் ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் பதிப்பும் நெஃபெஷ் என்பதை 'ஆள்' என்று எடுத்துக்கொண்டன. 'உழைக்கிற ஆள் தனக்காக உழைக்கிறான்' என்று அது ஆகிவிட்டது. நெஃபெஷ் என்பதற்கு 'ஆள்' என்ற பொருளும் உண்டு என்பதால் அதைத் தப்பு என்று தள்ள முடியாது. ஆனால் இரண்டாம் பாதியில் வாய் வருகிறதே, அதோடு அது சேர்ந்து நிற்கவில்லை.

இப்போது சொற்களைப் பார்ப்போம்.

'ஆமேல்' என்பது வேலைசெய்கிறவனுக்கு எபிரேயத்தில் இருக்கும் பல பெயர்களில் ஒன்று. ஆலயப் பணி, அடிமை வேலை இரண்டுக்கும் 'அவோதா' என்று ஒரு சொல் உண்டு. கைத்தொழிலுக்கு 'மெலாகா'. ஓய்வுநாளில் செய்யக் கூடாது என்று விலக்கிய வேலை இந்த மெலாகாதான். ஆமேலின் பெயர்ச்சொல்லான 'ஆமால்' அப்படியல்ல, அது உடம்பை வாட்டுகிற பாடு. இதே சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்று இரண்டு பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யோபு 5:7-இல் மனுஷன் வருத்தம் அநுபவிக்கப் பிறந்திருக்கிறான் என்று வருகிறதே, அந்த வருத்தம் ஆமால். சங்கீதம் 90:10-இல் ஆயுசு நாட்களின் மேன்மை "வருத்தமும் சஞ்சலமுமே" என்பதிலும் அதுதான். யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேர் வைத்து, என் வருத்தம் யாவையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்றானே, அதுவும் ஆமால். அதே நேரத்தில் நியாயாதிபதிகள் 5:26-இல் யாகேல் கை நீட்டி எடுத்த சுத்தியல் 'தொழிலாளரின்' சுத்தியல். அங்கே 'அமேலீம்', இதே சொல்லின் பன்மை. யோபு 3:20-இல் வாழ்க்கையே வேண்டாம் என்று தவிக்கிறவனுக்கும் இதே 'ஆமேல்' தான்.

ஆகவே வசனத்தில் நிற்கிறவன் நோகப் பாடுபடுகிறவன். சோம்பேறிக்கு நீதிமொழிகளில் 'ஆட்செல்' என்று தனிச் சொல்லே உண்டு. அது வேதாகமத்தில் 14 இடத்தில் வருகிறது, பதினான்கும் இந்த ஒரே புத்தகத்துக்குள்தான். 16:26-இல் அது இல்லை. அதிகாலைஜெபம் சகோதரருக்கு அன்போடு சொல்கிறேன், இது சோம்பேறிக்குச் சொன்னது இல்லை. பவுல் சொன்னதும் வேலைசெய்ய 'மனதில்லாதவனை'ப் பற்றி. வேலை கிடைக்காதவனையோ கூலி கிடைக்காதவனையோ அவர் சொல்லவில்லை.

நெஃபெஷ், ஆகஃப் இரண்டுக்கும் தனியாக எழுத வேண்டும். இரவு வருகிறேன்.


அதிகாலைஜெபம் எழுதியது:

ஐயா, சோம்பேறி விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நெஃபெஷ் என்றால் ஆத்துமா என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று ஆதியாகமம் 2:7-இல் வருவது நெஃபெஷ் தானே? ஆத்துமாவைப் போய்ப் பசி என்று சொன்னால் மனுஷனை வெறும் வயிறாக்கிவிடுகிறோம் என்று பயமாக இருக்கிறது.


யோத் எழுதியது:

உங்கள் பயம் புரிகிறது சகோதரரே. ஆதியாகமம் 2:7-இல் நெஃபெஷ் தான். ஆனால் அங்கேயே கவனியுங்கள், ஆதாமுக்குள் ஒரு நெஃபெஷைத் தேவன் போட்டார் என்று இல்லை. மண்ணும் சுவாசமும் சேர்ந்து அவன் முழுவதும் நெஃபெஷ் 'ஆனான்'. உடம்புக்குள்ளே இருந்துகொண்டு சாகும்போது பிரிந்து போகிற ஒன்று என்னும் எண்ணம் கிரேக்கர் பக்கத்திலிருந்து நமக்கு வந்து ஒட்டியது. எபிரேயன் நெஃபெஷ் என்றால் மூச்சு விடுகிற, தாகம் எடுக்கிற, பசிக்கிற உயிரை நினைப்பான்.

அந்தச் சொல்லின் அடியில் இருப்பது தொண்டை. எபிரேயத்தின் பழைய உறவு மொழியான அக்காடியத்தில் 'நபிஷ்து' என்றால் தொண்டை, உயிர் இரண்டும். சிரியக் கடற்கரையில் உகாரித் நகரத்தில் 1929 முதல் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில், மரண தெய்வமான மோட் தன் அகோரப் பசியைப் பற்றிப் பேசும் இடத்தில் இதே ந-ப்-ஷ் வேர்ச்சொல்தான் வருகிறது. அதே படம் வேதத்திலும் உண்டு. ஏசாயா 5:14-இல் "பாதாளம் தன்னை விரிவாக்கி, தன் வாயை ஆவென்று மட்டில்லாமல் திறந்தது" என்று படிக்கிறோம். அந்தத் 'தன்னை' எபிரேயத்தில் நெஃபெஷ். பாதாளத்துக்கு ஆத்துமா ஏது? தொண்டையை அகட்டி வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். சங்கீதம் 69:1-இல் வெள்ளங்கள் என் "ஆத்துமாமட்டும்" பெருகிவருகிறது என்றால் கழுத்தளவு, தொண்டை வரை தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த இரண்டு வசனத்தில் நிலைகொள்ள இடமில்லாத உளை வருகிறது, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காய்ந்துபோன தொண்டை வருகிறது.

நீதிமொழிகளுக்குள்ளேயே பாருங்கள். 23:2-இல் "நீ போஜனப்பிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை." போஜனப்பிரியன் எபிரேயத்தில் 'பாஅல் நெஃபெஷ்', நெஃபெஷ் உடையவன். 27:7-இல் "திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான்; பசியுள்ளவனுக்கோ கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்." இரண்டு பாதியிலும் நெஃபெஷ் இருக்கிறது. நிறைந்த நெஃபெஷ், பசித்த நெஃபெஷ். தமிழில் நம் முன்னோர் இந்த ஒரே சொல்லை இடத்துக்குத் தக்கபடி ஆத்துமா, மனது, தன்னை, பிரியன் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். வாசிக்கிறவனுக்கு அதே சொல் மறுபடி வருகிறது என்பது தெரியாமல் போய்விட்டது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. பிரசங்கி 6:7. "மனுஷன் படும் பிரயாசமெல்லாம் அவன் வாய்க்காகத்தானே, அவன் மனதுக்கோ திருப்தியில்லை." எபிரேயத்தில் பிரயாசம் ஆமால், வாய் பீஹூ, மனது நெஃபெஷ். நம் வசனத்தின் மூன்று சொல்லும் அப்படியே அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பிரசங்கி நம் பழமொழியைத் தெரிந்துகொண்டே எழுதினான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் உழைப்பு, வாய், நெஃபெஷ் மூன்றும் சேர்ந்தால் எபிரேயன் காதில் சாப்பாட்டுப் பேச்சுதான் விழும் என்பதற்கு இது போதும்.

மனுஷனை வயிறாக்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். பசிக்கிற உடம்பையும் சேர்த்துத்தான் வேதம் உயிர் என்று சொல்கிறது.


காயல்கடல் எழுதியது:

நான் முஸ்லிம். இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். யோத் ஐயா எழுதியதைப் படிக்கப் படிக்க எங்கள் வீட்டுப் பேச்சே காதில் கேட்டது.

ஆமால் என்பதற்கு அரபியில் 'அமல்'. எங்களில் 'நல்ல அமல்கள் செய்' என்று சொல்லாத தாய் தகப்பன் கிடையாது. செயல், வேலை, வணக்கம் எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் எல்லாரும் தினமும் செய்தித்தாளில் படிக்கிற 'சட்டம் அமலுக்கு வந்தது' என்பதில் இருக்கும் அமலும் அதுதான். உருது, பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்தது. அமல்தார் என்ற பழைய உத்தியோகப் பெயரும் அப்படித்தான். ஆனால் அரபியில் அமல் என்றால் துன்பம் என்ற வாடையே இல்லை, வெறும் செயல்தான். எபிரேயத்தில் மட்டும் அது இப்படி வருத்தத்தோடு சேர்ந்துகொண்டது எனக்குப் புதிது.

நெஃபெஷ் எங்களுக்கு 'நஃப்ஸ்'. நோன்பு நாளில் 'நஃப்ஸை அடக்கு' என்பார்கள். உயிர், தான், ஆசை மூன்றும் அதுவே. குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், 12:53-இல், நஃப்ஸ் தீமையைத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்று வருகிறது. பசியும் இச்சையும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகத்தான் எங்கள் பெரியவர்களும் பேசுவார்கள்.

ஆகஃப் என்பதற்கு என்ன பொருள் சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அரபியில் 'இகாஃப்' என்று ஒரு சாமான் உண்டு.


யோத் எழுதியது:

காயல்கடல் பாய், மன்னிப்பு எதற்கு, வாருங்கள். சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

'ஆகஃப்' என்ற வினை எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்த ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. ஒரே இடத்தில் வருகிற சொல்லுக்கு வேதத்துக்குள்ளேயே ஒப்பிட்டுப் பொருள் காண்பது கஷ்டம், உறவு மொழிகளிடம்தான் கேட்க வேண்டும். பெயர்ச்சொல்லாக இதன் உறவு ஒன்று யோபு 33:7-இல் கிடைக்கிறது. எலிகூ யோபிடம் 'என் ஏகெஃப் உன்மேல் பாரமாயிராது' என்கிறான். தமிழில் அங்கே 'என் கை' என்று இருக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் கை என்றே படித்தது, எபிரேயத்தில் 'கஃப்' என்றால் உள்ளங்கை என்பதால். ஆனால் மூலத்தில் நிற்கிற எழுத்துகள்படி அது 'என் அழுத்தம்'. பாரம் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது.

அரமேயத்திலும் சீரியத்திலும் இந்த வேர்ச்சொல் கழுதைக்குச் சேணம் போடுவது. யூத வேத ஆசிரியர்களான ரபிமாருடைய எபிரேயத்தில் 'உக்காஃப்' என்றால் பொதிச் சேணம். இன்றைக்கு இஸ்ரேலில் குதிரைச் சேணத்துக்கும் அதே பெயர்தான். சட்டத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்றுவதற்கு இன்றைய எபிரேயத்தில் ஆகஃப் என்கிறார்கள், அது இந்த வசனத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்த வினை.

ஆகவே 'ஆகஃப் ஆலாவ் பீஹூ' என்பதை அச்சொட்டாகச் சொன்னால் 'அவன் வாய் அவன்மேல் பாரமாக அழுத்தியிருக்கிறது'. 'வருந்திக் கேட்கும்' என்பது இதற்கு ரொம்ப மென்மை. வாய் கெஞ்சவில்லை, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறது.


காயல்கடல் எழுதியது:

அதேதான் ஐயா. இகாஃப் என்பது கழுதை முதுகில் போடும் பொதிச் சேணம். நபிகளார் ஃபதக் ஊர்த் துணி விரித்த இகாஃபில் கழுதை மேல் ஏறிப் போனதாக புகாரி ஹதீஸில் வரும்.


நடவுக்காரி மகள் எழுதியது:

எல்லாரும் படித்தவர்கள் எழுதுகிறீர்கள். நான் எபிரேயம் அறியேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

முதல் பாதியில் பசி அவனுக்காக உழைக்கிறது என்கிறீர்கள், ஏதோ கூட ஒரு ஆள் நின்று கைகொடுக்கிற மாதிரி. இரண்டாம் பாதியில் அதே பசி சேணம் போட்டு அழுத்துகிறது என்கிறீர்கள். எது உண்மை? என் அம்மா நடவுக்குப் போனவர். காலையில் பழைய சோற்றைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு நீராகாரம் மட்டும் குடித்துவிட்டுப் போவார். பத்து மணிக்கு மேல் குனிந்தால் கண் இருட்டும், வரப்பில் உட்கார்ந்தால் கங்காணி சத்தம் போடுவார். பசி அம்மாவை வேலைக்கு அனுப்பியது உண்மை. வேலையில் அம்மாவுக்குப் பசி உதவியதா என்றால், இல்லை. பசித்தவள் கை மெதுவாகத்தான் நடும். அந்தச் செய்தியாளர் சொன்ன கணக்கு வயலில் நிற்காதவர் போட்ட கணக்கு.

பசியைத் தோழன் என்று வசனம் புகழ்கிறது என்றால் எனக்கு அந்த வசனத்தோடு சண்டைதான்.


யோத் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதுதான் வசனத்தின் மையம்.

எபிரேயப் பழமொழியின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று விளக்கும். இங்கே இரண்டாம் பாதி 'கீ' என்று தொடங்குகிறது, 'ஏனென்றால்' என்று பொருள். உழைக்கிறவனுடைய தொண்டை அவனுக்காக உழைக்கிறது, ஏனென்றால் அவன் வாய் அவன்மேல் அழுத்துகிறது. 'அவனுக்காக' என்று சொன்னதை 'அவன்மேல்' என்பது திருப்பிப் போடுகிறது. லோ, ஆலாவ் என்று இரண்டு சிறிய சொல், 'அவனுக்கு', 'அவன்மேல்'. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பழமொழி நின்றுவிடுகிறது. அடுத்த வேளைச் சோறு கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அவன் கை ஓய்வதில்லை, அந்த அளவுக்குப் பசி அவன் பக்கம். ஆனால் அது அவன் முதுகில் ஏறிய பாரமும்கூட. ஆமால் என்னும் சொல்லிலேயே உழைப்பும் வருத்தமும் பிரிக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்தோமே, முழு வசனமும் அப்படித்தான் கிடக்கிறது. இதில் புகழ்ச்சி இல்லை. உள்ளதைப் பார்த்துச் சொல்கிற வாக்கு.

அதோடு இதில் கட்டளையும் இல்லை, முதலாளி என்று ஒரு ஆளும் இல்லை. நெஃபெஷ், ஆமேல், வாய், எல்லாம் ஒரே மனுஷனுக்குள் நடக்கிறது. 'ஆகவே நீ அவனைப் பசியாக வை' என்பது பேசினவர் சொந்தமாகச் சேர்த்தது. அதே அதிகாரத்தில் 8-ஆம் வசனம் அநியாயமாய் வந்த அதிக வருமானத்தை விட நியாயமாய் வந்த கொஞ்சமே உத்தமம் என்கிறது. 11-ஆம் வசனம் நிறைகோலும் தராசும் கர்த்தருடையது என்கிறது. அளந்து கொடுக்கிறவனை நோக்கிப் பேச வேண்டுமானால் அவர் அந்த வசனங்களை எடுத்திருக்க வேண்டும்.


பழைய ஏடு எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இந்த வசனத்தை வேறு மாதிரி படிக்கிறது. பாடுபடுகிறவன் தனக்காகப் பாடுபட்டுத் தன் அழிவைத் துரத்திவிடுகிறான் என்று போகிறது. வாய் எங்கே போனது, அழிவு எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் 'பீஹூ' என்றால் அவன் வாய். நடுவில் இருக்கும் 'ஹே' எழுத்தைத் 'தாலெத்' என்று படித்தால் 'பீதோ' ஆகும், அவன் அழிவு. இரண்டு எழுத்தும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. மொழிபெயர்த்தவர் கண் இப்படிப் படித்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். லத்தீன் வுல்காதாவோ எபிரேயத்தோடு ஒட்டியே போகிறது. உழைக்கிறவனுடைய ஆத்துமா தனக்காக உழைக்கிறது, அவன் வாய் அவனைக் கட்டாயப்படுத்தியதால் என்கிறது. கட்டாயம் என்பதை அதை மொழிபெயர்த்த ஜெரோம் விடவில்லை.

இரண்டாவது, நடவுக்காரி மகள் எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. 1960-இல் இஸ்ரேல் கடற்கரையில் யாவ்னே-யாம் பக்கத்தில் ஒரு சிறு கோட்டையில் மை எழுத்துள்ள பானை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அறுவடைக் கூலி ஒருவன் அதிகாரியிடம் கொடுக்கும் மனு. தன் பங்கு அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறான். அப்படியிருந்தும் சோபாயின் மகன் ஓசாயாகு வந்து தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்கிறான். வெயில் சூட்டில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், என் ஆடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறான். மனு என்ன ஆயிற்று என்பது ஓட்டில் இல்லை. மனுக்காரன் தன்னை 'உம் அடியான்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானே தவிர, அவன் பெயரும் நம் கைக்கு வரவில்லை.

நம் வசனத்து 'ஆமேல்' என்றால் நான் இந்த ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நீதிமொழிகளை எழுத்தில் சேர்த்து வைத்தவர்கள் அரண்மனை எழுத்தர்களாக இருக்கலாம், 25:1-இல் எசேக்கியா ராஜாவின் மனுஷர் பெயர்த்தெழுதியதாக வருகிறது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட பழமொழியில் வயல் வாசனை அடிக்கிறது.


அதிகாலைஜெபம் எழுதியது:

யூதர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அவர்களும் பசி என்றுதான் படித்தார்களா?


யோத் எழுதியது:

பசியோடு நிற்கவில்லை. ரபிமாரின் விவாதத் தொகுப்பான தல்மூதில் சன்ஹெத்ரின் என்ற பகுதியின் 99-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் ரபி எலெயாசரின் வாதம் ஒன்று இருக்கிறது. மனுஷன் ஆமாலுக்கென்று பிறந்தான் என்று யோபு சொல்கிறதே, அது கைவேலையின் ஆமாலா, வாயின் ஆமாலா என்று கேட்கிறார். 'ஆகஃப் ஆலாவ் பீஹூ' என்று நம் வசனத்தைக் காட்டி, வாயின் ஆமால் என்று முடிவு கட்டுகிறார். வாயின் ஆமால் என்றால் தோரா, அதாவது நியாயப்பிரமாணம், ஓதுவதா, வெறும் பேச்சா என்று மறுபடி கேட்டு, யோசுவா 1:8-ஐக் காட்டி, தோரா என்கிறார். அதே பக்கத்தில் நம் வசனத்தின் முதல் பாதியையும் எடுத்து, மனுஷன் இங்கே தோராவில் உழைக்கிறான், தோரா அவனுக்காக வேறோரிடத்தில் உழைக்கிறது என்கிறார்கள்.

வசனத்தின் நேர்ப்பொருள் இது அல்ல. ஆனால் 'அவனுக்காக உழைக்கிறது' என்ற இலக்கணத்தை அவர்கள் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள், எழுவாய் அவன் அல்ல, அவனுக்காக இன்னொன்று உழைக்கிறது என்று.


நாசரேத்து வாசகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். கூலி கொடுப்பவரைப் பற்றி நெஃபெஷ் என்ற சொல்லோடு ஏதாவது வசனம் இருக்கிறதா? வசனத்துக்கு வசனம் வைத்தால்தான் எங்கள் கூட்டத்தில் நிற்கும்.


யோத் எழுதியது:

இருக்கிறது தம்பி, இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உபாகமம் 24:15. "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும், அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்."

அந்த 'அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்' எபிரேயத்தில் 'அதை நோக்கித் தன் நெஃபெஷை உயர்த்துகிறான்' என்று இருக்கிறது. எதை நோக்கி? கூலியை நோக்கி. சாயங்காலம் வேலை முடிந்து, கூலி கொடுப்பவன் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவனை அப்படியே எழுதியிருக்கிறார்கள். நீதிமொழிகளில் அவனை வேலைக்கு ஓட்டிய அதே தொண்டைதான் இங்கே கூலிக்காக நீளுகிறது. கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாயிருக்கும் என்று அதே வசனம் முடிக்கிறது. பசி அவனை வேலைக்குக் கொண்டுவரும் என்று பேசினவர் சொன்னார் அல்லவா, கொண்டுவந்த பிறகு பொழுது சாய்வதற்குள் அந்தப் பசிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று நியாயப்பிரமாணம் எழுதி வைத்திருக்கிறது.


நடவுக்காரி மகள் எழுதியது:

இது போதும் ஐயா. இனி அந்த வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை.


நாசரேத்து வாசகன் எழுதியது:

கைத்தாளில் போட ஒரு வரி எழுதிப் பார்த்தேன். "பாடுபடுகிறவனின் தொண்டை அவனுக்காகப் பாடுபடுகிறது; ஏனென்றால் அவன் வாய் அவன்மேல் பாரமாய் ஏறியிருக்கிறது." சரிதானா?


நடவுக்காரி மகள் எழுதியது:

'பாடுபடுகிறவன்' ரொம்ப நல்ல சொல், வருத்தமும் வேலையும் இரண்டும் அதில் வந்துவிடுகிறது. 'தொண்டை' மட்டும் ஒட்டவில்லை தம்பி. எங்கள் ஊரில் தொண்டை பாடுபடுகிறது என்றால் இருமல் என்று நினைப்பார்கள். நாம் வயிற்றுப்பாடு என்றுதானே சொல்லுவோம்.


காயல்கடல் எழுதியது:

வயிறு என்று போட்டால் காதுக்கு உடனே ஏறும். நானும் அக்கா பக்கம்.


யோத் எழுதியது:

எபிரேயத்தில் வயிற்றுக்கு 'பெத்தென்' என்று வேறு சொல் உண்டு. 13:25-இல் நீதிமானுடைய நெஃபெஷும் துன்மார்க்கருடைய பெத்தெனும் எதிரெதிரே நிற்கின்றன. அதனால் ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் நான் வயிறு என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் இது கைத்தாள். தமிழில் பசி குடியிருக்கிற இடம் வயிறு, தொண்டை இல்லை. மேலே வயிறு என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'மூலத்தில்: நெஃபெஷ், தொண்டை, உயிர்' என்று ஒரு வரி சேருங்கள். உபாகமம் 24:15-ஐயும் அதே தாளில் அடியுங்கள், அங்கேயும் நெஃபெஷ் என்று குறியுங்கள். பிரசங்கி 6:7 இடம் இருந்தால் போதும். தல்மூது, உகாரித் எல்லாம் கூட்டத்தில் எடுக்க வேண்டாம், யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.


நாசரேத்து வாசகன் எழுதியது:

சரி ஐயா, அப்படியே அடிக்கக் கொடுக்கிறேன். தாள் தயாரானதும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.